பத்தொன்பதாம் பதிவில் சேர்ந்த இரண்டு சொற்கள்

அவருக்குப் பட்டப்பெயர் முதலில் வந்தது. அதற்குப் பொருத்தமான தொழில் பதினேழு ஆண்டுகள் கழித்தே வந்தது. ஏழு வயதில், தண்ணீர் கொண்டு வரச் சொன்ன தந்தையிடம், "குடிக்கவா, கை கழுவவா? அதுக்குத் தகுந்த பாத்திரம் எடுக்கணும்ல?" என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்த சித்தப்பா, "சரியான அகராதிடா இது!" என்று சிரித்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் அவர் அகராதிதான். வாய்த்துடுக்கைக் குறித்து வைத்த பெயர், பின்னாளில் அப்படியே அலுவலகப் பலகையில் எழுதும்படியாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு.

இருபத்து நான்காம் வயதில் ஒரு வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். முப்பத்தைந்தில் தனியாக வந்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேசை மெல்ல நடுங்கும். பழைய ஆங்கிலப் பத்திரங்கள், உயில்கள், கப்பல் கம்பெனிக் கடிதங்கள், மருத்துவமனைப் பதிவுகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் தருவது வேலை. இன்றைய ஆங்கிலத்தை யார் வேண்டுமானாலும் பெயர்க்கலாம். நூறு ஆண்டு தூசி படிந்த ஆங்கிலத்துக்கு அகராதியிடம்தான் போக வேண்டும் என்று நீதிமன்ற வாசலில் சொல்வார்கள்.

வழக்கொழிந்த ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் ஓர் அட்டை வைத்திருந்தார். முதல் அட்டை 'ரெலிக்ட்'. எஞ்சி நிற்பது என்ற பொருளில் பிறந்து, பத்திரங்களில் விதவையைக் குறிக்க வந்த சொல். 'மெஸ்வேஜ்' என்றால் வீடு மட்டுமன்று. முற்றம், தொழுவம், சுற்றியுள்ள நிலம் எல்லாம் சேர்ந்தது. 'கார்ட்வெய்னர்' புதுத் தோலில் செருப்புத் தைப்பவர். 'ஓவர்மாரோ' நாளை மறுநாள். அதைக் கண்டபோது அவருக்கு ஆங்கிலத்தின் மீது பரிதாபம் தோன்றியது. இத்தனை வசதியான ஒரு சொல்லை யாராவது தொலைப்பார்களா?

அட்டைகளுக்கு ஒரு விதி உண்டு. எந்தக் காலத்துத் தாளோ, அந்தக் காலத்து அகராதியில்தான் பொருள் பார்க்க வேண்டும். சொற்கள் இடம் மாறும். இன்றைய பொருளைக் கொண்டுபோய் அன்றைய தாளில் ஒட்டக்கூடாது. இதற்காகவே வெவ்வேறு காலத்து அகராதிகள் ஏழு அவருடைய அலமாரியில் இருந்தன. சரிபார்த்த அட்டையின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத சொல் அந்த அறையைவிட்டு வெளியே போனதில்லை.

ஒருமுறை ஒருவர், தம் கொள்ளுத்தாத்தாவின் நியமனக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார். 'வார்ஃபிஞ்சர்' என்று அதில் இருந்ததைப் பெரிய பிரபுப் பட்டம் என்றே மூன்று தலைமுறையாக நம்பியிருந்தார்கள்.

"சரக்கு இறக்குற துறைமேடையப் பாத்துக்கிட்டவர் சார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"கொஞ்சம் பெரிய உத்தியோகமா எழுத முடியாதா மேடம்? சட்டம் எல்லாம் போட்டுட்டோம்."

"அவர் பாத்த வேலையத்தான் சார் நான் எழுத முடியும்."

இவ்வளவு கறாரானவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. தம் தமிழ் ஓட்டமாக இருக்க வேண்டும் என்பதே அது. வெறும் பொருளை மட்டும் எழுதினால் வாக்கியம் மொட்டையாக நிற்பதாகத் தோன்றும். ஒரு சொல், அரைச் சொல் சேர்த்து இழைத்துவிடுவார். "நீங்க எழுதினா கதை மாதிரி இருக்கு," என்று வாடிக்கையாளர்கள் புகழ்ந்ததுண்டு. அந்தப் புகழ்ச்சி அவருக்குப் பிடித்திருந்தது. பிற்பாடு தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டபோதெல்லாம் இந்த இடத்தில்தான் வந்து நின்றார்.

அவருடைய ஐம்பத்திரண்டாம் வயதில், அச்சகம் நடத்தும் சித்தப்பா மகன் குடும்ப வரலாறு ஒன்றை நூலாக்கப் புறப்பட்டான். எல்லோரும் அவனை அச்சாபீஸ் என்பார்கள். நகராட்சியிலும் பழைய மருத்துவமனையிலும் அலைந்து, மூன்று தலைமுறையின் பிறப்பு இறப்புப் பதிவுகள் முப்பத்தொன்றைப் பிரதி எடுத்து வந்து அக்காவின் மேசைமேல் வைத்தான்.

பத்தொன்பதாம் பதிவு ஒரு பெண் குழந்தையின் இறப்பு. வயது பதினொரு மாதம். அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முந்தையது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: 'மராஸ்மஸ்'. மொழிபெயர்ப்பாளர் அதுவரை எதிர்கொள்ளாத சொல். அந்தக் காலத்துக்குரிய அகராதி அந்த வாரம் பைண்டரிடம் இருந்தது. முதுகு கழன்று தாள்கள் உதிரத் தொடங்கியதால் கொடுத்திருந்தார். கைக்கு எட்டியது புது அகராதி. போதிய உணவு கிடைக்காமையால் குழந்தைகளுக்கு ஏற்படும் கடும் மெலிவு என்று அது சொன்னது. அட்டையில் குறித்துக்கொண்டார், புள்ளி வைக்கவில்லை.

கைப்பேசி அடித்தது. "அக்கா, மெஷின் காத்துக்கிட்டு நிக்குது. நீங்க அனுப்பினா ஓட்டிடுவேன். அகராதிக்கே இவ்வளவு நேரமா?"

"ஒரு வார்த்தை பாக்கி இருக்குடா."

"ஒரு வார்த்தையில என்னக்கா ஆயிடப் போகுது? எல்லாம் போய்ச் சேந்தவங்க. வந்து சண்டையா போடப் போறாங்க?"

அவரும் சிரித்துவிட்டார். 'போதிய உணவின்றி உடல் தேய்ந்து இறந்தது' என்று எழுதி அனுப்பினார். வாக்கியம் நன்றாக ஓடியது. அந்தக் குழந்தை தம் தந்தையின் கடைசித் தங்கை என்பது அவருக்குத் தெரியும். அதை அப்போது வளர்த்தவர் யார் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

அறுபது பிரதிகள் அச்சாயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் குடும்பம் கூடியது. நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். எண்பது வயதான பெரியத்தை, வயதுக்குரிய மரியாதையோடு மின்விசிறிக்கு நேர்கீழே அமர்த்தப்பட்டார். தேநீர் வந்தது. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதிவுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நையாண்டி சேர்த்து, கூடத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது வந்தது.

"போதிய உணவின்றி உடல் தேய்ந்து…" என்று படித்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன்க்கா, அம்மா நாலு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ பாப்பாவைப் பாத்துக்கிட்டது நீதானே? நீ என் பங்குலதான் கைய வெப்பேன்னு நெனச்சிருந்தேன். பாப்பா பங்குலயுமா?"

கூடம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார். பிறகுதான் பெரியத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தை கையிலிருந்த கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்தார். பிஸ்கட் தட்டைத் தம் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார். சற்று நேரத்தில் கால் வலிக்கிறது என்று எழுந்துகொண்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, பூட்டைத் திறந்த கையோடு மொழிபெயர்ப்பாளர் அலமாரிக்குப் போனார். பைண்டரிடமிருந்து திரும்பி வந்து பல வாரங்களாக அங்கேயே இருந்த பழைய அகராதியை இறக்கினார். வெளிப்படையான காரணம் ஏதும் இல்லாமல் உடற்சதை தேய்தல், குறிப்பாகக் கைக்குழந்தைகளிடத்தில். அவ்வளவுதான். அந்நாளைய மருத்துவர்கள், ஏன் என்று பிடிபடாமல் மெலிந்துபோன குழந்தைகளுக்கெல்லாம் எழுதிய சொல் அது. வயிற்றுப்போக்காக இருக்கலாம், காசமாக இருக்கலாம், பிறவிக் கோளாறாக இருக்கலாம். 'போதிய உணவின்றி' என்ற இரண்டு சொற்கள் அந்தப் பதிவில் இல்லை. அவற்றைச் சேர்த்தவர் அவர்.

அன்றே அட்டையைத் திருத்திச் சிவப்புப் புள்ளியும் வைத்தார். அட்டை சரியாகிவிட்டது, அத்தைக்கு ஒன்றும் சரியாகவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே கைப்பேசியை எடுத்தார். முதல் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். அடுத்த வாரம் நேரில் போய்ச் சொல்வதே முறை என்று தோன்றியது. அதற்கடுத்த வாரம், அத்தை மறந்தே போயிருப்பார், நாமாகக் கிளறுவானேன் என்று தோன்றியது. இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயர் அறுபது வீடுகளில் ஒரே நாளில் கலைந்துவிடும் என்ற பயமும் இருந்தது. இந்தக் கடைசிக் காரணத்தைத் தமக்குத்தாமே ஒப்புக்கொள்ளவே அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வாடிக்கையாளர்கள் புகழ்ந்தால் பேச்சை மாற்றினார். தாம் சிரித்த சிரிப்பு அடிக்கடி காதில் கேட்டது.

பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருக்கும் அவர் கணவரிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்.

"பஸ் லேட்டா வந்தா லேட்டுன்னு எழுதிட்டா அதோட போச்சு," என்றார் கணவர். "எழுதாம விட்டா அடுத்த பஸ்ஸும் கெடும், அதுக்கடுத்ததும் கெடும். நீ எத்தனை பஸ்ஸ நிறுத்தி வெச்சிருக்கே?"



நான்காம் மாதம் அச்சாபீஸ் அறைக்கு வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, பெரியத்தைக்குக் கண்புரை முத்திப் போச்சு. டாக்டர் தேதி குடுத்துட்டார். ஒரு வாரம் யாராவது பக்கத்துல இருந்து சொட்டு மருந்து விடணும். எங்க வீட்டுக்கு வாங்கன்னா வரமாட்டேங்குறாங்க. உங்க வீட்டுக்கும் வரமாட்டாங்களாம். ஆபரேஷனே வேணாமாம்."

"ஏனாம்?"

"யார் வீட்டுச் சாப்பாட்டுலயும் கைய வெக்க மாட்டாங்களாம். அப்பா அன்னைக்கு அடிச்ச ஜோக்கப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க. இந்த வயசுல இவ்வளவு ரோஷமா? கண்ணு போயிடும்கா."

மொழிபெயர்ப்பாளர் மேசைமேல் விரித்திருந்த உயிலை மூடி வைத்தார். அன்று பகல் பதினொன்றரை மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெரியத்தை, தம் கணவர் இறந்த பிறகு, இரண்டாம் மாடியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். கதவைத் திறந்தவர், முகத்தை மிக அருகே கொண்டுவந்து பார்த்து, "அகராதியா? செருப்ப உள்ள விடு. வெளிய விட்டா எதிர்வீட்டு நாய் ஒத்தைய மட்டும் தூக்கிட்டுப் போகும். ஜோடியா எடுத்தாக்கூட மன்னிச்சிடலாம்," என்றார்.

அறையில் எல்லாம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. குடும்ப வரலாறு ஜன்னலோரத்தில் இருந்தது. பத்தொன்பதாம் பதிவு வரும் பக்கத்தில் நூலின் முதுகு மடிந்துபோயிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்தார். பேருந்தில் வரும்போதே ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அதைச் சொல்வதற்குள் அத்தை பேசத் தொடங்கினார்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். ஆபரேஷனுக்குக் கூப்பிடத்தானே? கேட்டுக்கோ, உன் சித்தப்பன் பேசினதுல எனக்குக் கோவம் இல்ல. அவன் சொன்னது நெசம்." குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பதிமூணு வயசு. அப்பா வேலைக்குப் போயிடுவாரு. உங்கப்பனுக்கும் சித்தப்பனுக்கும் போக மிச்சம் இருந்தா எனக்கு. பாப்பாவோட பால்ல பாதிய நான் குடிச்சிருக்கேன். மீதியில தண்ணி ஊத்திக் குடுத்துட்டேன். மூணு தடவ. நாலாவும் இருக்கலாம். அறுபத்தேழு வருஷமா எண்ணிப் பாத்துட்டேன், மூணா நாலான்னு தெரியல. நம்ம நெனப்புதான், அதனால எல்லாம் இருக்காதுன்னு மனச ஆத்திக்குவேன். இப்போ டாக்டரே எழுதி வெச்சிருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு."

ஒரு வரியை இழைத்ததால் என்ன நேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் மொழிபெயர்ப்பாளருக்கு முழுதாக விளங்கியது.

சட்டென்று ஒரு வழி கண்ணில் பட்டது. அந்தச் சொல்லுக்குக் குடல் நோய் என்று பொருள், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். அத்தை நம்புவார். கண் அறுவைக்கு வருவார். நிம்மதியாக இருப்பார். சொல்ல வாயையும் திறந்தார். ஆனால் அதுவும் பதிவில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதுதான். ஒருமுறை சேர்த்ததற்கே இந்தக் கதி.

"அத்தை, டாக்டர் அப்படி எழுதல. அவர் எழுதினது ஒரே ஒரு வார்த்தை. ஒடம்பு தேஞ்சுபோச்சுன்னு மட்டும்தான் அந்தக் காலத்துல அதுக்கு அர்த்தம். போதிய உணவின்றின்னு சேத்தது நான்."

"யாரு சேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பழைய அகராதியப் பாக்காம புதுசப் பாத்து எழுதிட்டேன். அவசரம். படிக்கவும் நல்லா இருந்துச்சு."

அத்தை நூல் இருந்த ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்போ நான் காரணம் இல்லங்குறியா?"

"அதையும் அந்த வார்த்தை சொல்லல அத்தை. ஏன் தேஞ்சதுன்னு தெரியாதப்போ போடுற வார்த்தை அது."

"டாக்டருக்கே தெரியாதா?"

"தெரியாது."

"டாக்டருக்கே தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சு!" அத்தையின் உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத கோணல். பிறகு, மொழிபெயர்ப்பாளர் நான்கு மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அதையே கேட்டார். "சரி. தப்புன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"புஸ்தகம் படிச்ச மறுநாள்."

"மறுநாளா?"

"மறுநாள் காலைல."

அத்தை எழுந்து அடுக்களைப் பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் சும்மாவே ஓடிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், நாற்காலியின் விளிம்பில் இருந்தார். மன்னிப்புக் கேட்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் அத்தை கொடுத்துவிடுவார், அது தமக்குத் தகாது என்று தோன்றியது.

குழாய் நின்றது. அத்தை வேறு புடவை உடுத்தி, கையில் குடையோடு வந்து நின்றார்.

"எத்தனை புஸ்தகம் அடிச்சான் அந்த அச்சாபீஸ்?"

"அறுபது."

"பேனா வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"நட. மொதல்ல உன் சித்தப்பன் வீடு."

ஆட்டோ பிடித்துப் போனார்கள். சித்தப்பா கதவைத் திறந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னக்கா, நாலு மாசமா ஆளையே காணோம், இப்போ சாட்சியோட வந்திருக்கே?"

"புஸ்தகத்த எடுடா."

மொழிபெயர்ப்பாளர் நின்றபடியே சொன்னார்: "சித்தப்பா, பத்தொன்பதாவது பதிவு தப்பு. ஆஸ்பத்திரித் தாள்ல இருக்கிறது ஒடம்பு மெலிஞ்சு செத்துப்போச்சுன்னு மட்டும்தான். சாப்பாடு இல்லாமன்னு நானாத்தான் எழுதினேன்."

சித்தப்பாவின் முகத்திலிருந்த விளையாட்டு வடிந்தது. "நீயா? அகராதியா?" என்றவர் அக்காவிடம் திரும்பினார். "ஏன்க்கா, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன். அதப் போயி…"

"நீ வெளையாட்டுக்குச் சொன்னே. நான் நெசம்னு எடுத்துக்கிட்டேன். விடு. அடுத்த மாசம் ஒரு வாரம் இங்கதான் தங்கப் போறேன். கண்ணுல மருந்து நீதான் விடணும். கை நடுங்கினா மூக்குல விட்டுடாதே."

"விடுறேன்கா," என்றார் சித்தப்பா. எழுபத்து மூன்று வயதுக்காரரின் குரல் சிறுபிள்ளையுடையதைப் போல ஒலித்தது.

மொழிபெயர்ப்பாளர் உணவு மேசையில் நூலை விரித்து, அளவுகோல் வைத்து, 'போதிய உணவின்றி' என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்து ஓரத்தில், 'உடல் மெலிந்து இறந்தது. காரணம் பதிவில் இல்லை' என்று எழுதினார். அத்தை தாளை மூக்குவரை உயர்த்திப் பார்த்தார்.

"அடிச்சது இன்னும் தெரியுதே?"

"தெரியணும் அத்தை. பதிவுல எதையும் அழிக்கக்கூடாது. முன்னால என்ன இருந்துச்சுன்னும் படிக்க முடியணும்."

"அப்படியா? அப்போ சேத்தது யாரு, அடிச்சது யாருன்னும் தெரியட்டும். கையெழுத்தப் போடு."

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். சித்தப்பா கொஞ்சம் தள்ளி நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி?"

அன்றைய தேதியை எழுதினார்.

"இது திருத்தின தேதி," என்றார் அத்தை. "தப்புன்னு தெரிஞ்ச தேதி?"

பேனா தாளின்மேல் நின்றது. அறுபது வீடுகளில், அறுபது அலமாரிகளில், பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் எடுத்துப் பார்க்கும் பக்கத்தில், இரண்டு தேதிகளுக்கும் நடுவே நான்கு மாதம் வெறுமையாகத் தெரியும். யார் கணக்கிட்டாலும் தெரியும். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் கோபம் இல்லை. விட்டுக்கொடுக்கும் எண்ணமும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமையின் தேதியை மேலே எழுதினார். அன்றைய தேதி கீழே இருந்தது. அச்செழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக விழுந்திருந்தது.

"எல்லாத்துலயும் இப்படியே போடணும்," என்ற அத்தை குடையை எடுத்துக்கொண்டார். "நானும் கூடவே வர்றேன். நீ போட்டியான்னு பாக்கணும்ல? அடுத்தது யாரு வீடு?"

"அச்சாபீஸ் வீடு."

"அங்க படி ஜாஸ்தி. கையக் குடு."

மொழிபெயர்ப்பாளர் கையை நீட்டினார். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். ஆதரவுக்காகப் பிடித்தாரா, தப்பிவிடாதிருக்கப் பிடித்தாரா என்பது அந்தப் பிடியிலிருந்து தெரியவில்லை.